தாத்தாவுடன் ஒரு விடுமுறை

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போது சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் ஒரே கேள்வி அடிக்கடி காதில் விழும். மின்தூக்கியில் சந்திக்கும் அண்டை வீட்டாரும், ஈரச்சந்தைக்குக் காய்கறி வாங்க வருபவர்களும், பள்ளிப் பேருந்துக்காகக் காத்திருக்கும் பெற்றோரும் “இந்த முறை எங்கே போகிறீர்கள்?” என்று கேட்டுக்கொள்வார்கள். பேங்காக், பாலி, சென்னை, தோக்கியோ என்று பதில்கள் வரும். உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வசிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. விடுமுறை தொடங்கியதும் மலேசியா செல்லும் வாகனங்கள் சோதனைச்சாவடியை நோக்கி வரிசை பிடித்து நிற்கும். ஊரே கிளம்பிவிட்டது போலத் தோன்றும்.

உட்லண்ட்ஸில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் வசிக்கிறது. அப்பா, அம்மா, உயர்நிலை ஒன்றில் படிக்கும் மகள், தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகன், அப்பாவின் தந்தை என மொத்தம் ஐந்து பேர். சென்ற ஆண்டு விடுமுறைக்கு அவர்கள் தாய்லாந்தில் உள்ள புக்கெட் தீவுக்குச் செல்லத் திட்டமிட்டிருந்தார்கள். மகள் கடற்கரைப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்தாள். மகன் புதிய நீச்சல் கண்ணாடி வாங்கியிருந்தான். பயணச்சீட்டு வாங்க வேண்டியது மட்டுமே பாக்கி.

தாத்தாவை என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. அவர் போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில் பிறந்தவர். முழங்கால் வலியால் கைத்தடியின் துணையோடு நடக்கிறார். அதைவிடப் பெரிய சிக்கல் அவருடைய மறதி. காலையில் சாப்பிட்டதை மதியம் மறந்துவிடுவார். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு தம்மோடு வேலை பார்த்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார். பழக்கமில்லாத இடத்தில் தங்கினால், நடு இரவில் எழுந்து கதவு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவிப்பார். உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கியபோதே அப்படி நடந்தது. அவரை விமானத்தில் அழைத்துச் செல்வது கடினம். வேறொருவரிடம் ஒரு வாரம் விட்டுச் செல்வதும் கடினம்.

அன்று இரவு உணவுக்குப் பின் நால்வரும் கூடிப் பேசினார்கள். தாத்தா தம் அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். “வகுப்பில் எல்லாரும் எங்காவது போகிறார்கள். நான் மட்டும் உட்லண்ட்ஸில் இருந்தேன் என்று சொல்ல வேண்டுமா?” என்று மகள் கேட்டாள். அவளுடைய வருத்தம் நியாயமானதுதான். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. அம்மாதான் மெதுவாகப் பேசினார். “புக்கெட் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்,” என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டது என்ன என்பது மகளுக்குப் புரிந்தது. அவள் முகம் வாடியது. ஆனாலும் அவள் மறுத்துப் பேசவில்லை.

பயணம் போகவில்லை என்பதற்காக விடுமுறையை வீணாக்க வேண்டியதில்லை என்று அப்பா நினைத்தார். “வெயிலையும் கடலையும் தேடித்தானே குளிர்நாட்டு மக்கள் குழந்தைகளோடு சிங்கப்பூருக்கு வருகிறார்கள்? நாமும் சில நாள்களுக்குச் சுற்றுப்பயணிகளாக இருந்து பார்ப்போம்,” என்றார். அதற்கு மூன்று விதிகள் வகுக்கப்பட்டன. முதல் விதி, ஒவ்வொருவரும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது விதி, அந்த இடம் வீட்டிலிருந்து தொலைவில் இருக்கக்கூடாது. மூன்றாவது விதி, எங்கே சென்றாலும் தாத்தாவும் உடன் வர வேண்டும்.

பிள்ளைகள் இருவரும் உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்திற்குச் சென்று தகவல் திரட்டினார்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் பாகை வடக்கே உள்ளது. அதனால்தான் இங்கே ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கின்றன. காலை ஏழு மணியளவில் சூரியன் உதிக்கிறது. மாலை ஏழு மணியளவில் மறைகிறது. ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவருகிறது. பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்வது வழக்கம். வெப்பமண்டல நாட்டில் குழந்தைகளையும் முதியவர்களையும் வெளியே அழைத்துச் செல்வதற்கு ஒரு முறை உண்டு. வெயில் ஏறும் முன் கிளம்ப வேண்டும். நண்பகலுக்குள் நிழலுக்குத் திரும்ப வேண்டும். தண்ணீர்ப் புட்டி, தொப்பி, குடை ஆகிய மூன்றும் பையில் இருக்க வேண்டும். மகள் இவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

மகன் தேர்ந்தெடுத்த இடம் அட்மிரல்டி பூங்கா. 27 ஹெக்டர் பரப்புள்ள அந்தப் பூங்காவில் 26 சறுக்குமரங்கள் இருக்கின்றன. மேட்டு நிலத்தின் சரிவையே பயன்படுத்தி அவற்றை அமைத்திருக்கிறார்கள். அவன் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் சறுக்கிப் பார்த்தான். தாத்தா நிழலில் இருந்த இருக்கையில் அமர்ந்து, ஒவ்வொரு முறையும் அவன் கீழே வந்ததும் கைதட்டினார். திரும்பும் வழியில் சாலையோரத்தில் நின்ற ஒரு பெரிய மரத்தைத் தாத்தா அண்ணாந்து பார்த்தார். “இலை மூடுகிறது. மழை வரப்போகிறது,” என்றார். பேரனுக்கு நம்பிக்கை வரவில்லை. அவர்கள் வீட்டை அடைவதற்குள் மழை கொட்டியது. அந்த மரத்தின் பெயர் தூங்குமூஞ்சி மரம். மாலையிலும் மழைக்கு முன்பும் அதன் சிற்றிலைகள் மடிந்துகொள்வதால் அதற்கு அந்தப் பெயர். ஆங்கிலத்தில் அதை ‘மழை மரம்’ என்கிறார்கள். சிங்கப்பூரின் சாலைகளுக்கு நிழல் தரும் அந்த மரம் இந்த மண்ணில் தோன்றியது அன்று. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அந்தத் தகவலை மகள் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அம்மா தேர்ந்தெடுத்தது சுங்கை பூலோ சதுப்புநிலம். 1993-ஆம் ஆண்டில் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட அந்த இடம், 2002-ஆம் ஆண்டில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற இயற்கை வனமாக அறிவிக்கப்பட்டது. சேற்றிலிருந்து ஈட்டி முனைகளைப்போல் நிமிர்ந்து நிற்பவை அலையாத்தி மரங்களின் வேர்கள் என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் கண்டார்கள். சேற்றில் காற்று குறைவு. அதனால் அந்த வேர்கள் மேலே வந்து சுவாசிக்கின்றன. சேற்றின்மேல் தத்தித் தாவும் மீன்கள், படம் எடுத்ததுபோல் அசையாமல் கிடந்த உடும்பு, நீரில் மூக்கை மட்டும் நீட்டியிருந்த முதலை என ஒவ்வொன்றையும் பார்த்து மகன் வாயடைத்து நின்றான்.

ஆனால் அன்று எல்லாரையும் அதிக நேரம் நிற்கவைத்தவை சிறிய பறவைகள். உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் தண்ணீர் வடிந்த சேற்றில் இரை தேடிக்கொண்டிருந்தன. அவற்றில் பல, சைபீரியா போன்ற வடக்குப் பகுதிகளிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவை. அங்கே குளிர் தொடங்கியதும் தெற்கு நோக்கிக் கிளம்பி, செப்டம்பர் முதல் மார்ச் வரை இந்தப் பகுதியில் தங்கி இளைப்பாறுகின்றன. “நாம் விடுமுறைக்கு வெளிநாடு போகவில்லை. இவை நம் ஊருக்கு விடுமுறைக்கு வந்திருக்கின்றன,” என்று மகள் சொன்னாள். விடுமுறை தொடங்கியதிலிருந்து அவள் சிரித்துப் பேசியது அதுவே முதல்முறை.

அருகிலுள்ள கிராஞ்சி போர் நினைவிடத்துக்கும் அவர்கள் சென்றார்கள். அது அப்பாவின் விருப்பம். அங்கே 4,400-க்கும் மேற்பட்ட வீரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. கல்லறைகூட இல்லாமல் மறைந்துபோன 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய வீரர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. அந்தப் பெயர்களை மகள் ஒவ்வொன்றாகப் படித்தாள். “ஏன் இவ்வளவு பெயர்களைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள்?” என்று மகன் கேட்டான். “மறந்துவிடக்கூடாது என்பதற்காக,” என்றார் அப்பா. தாத்தா தம் கைத்தடியை ஊன்றியபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மாலையில் குடும்பம் உட்லண்ட்ஸ் நீர்முகப்புப் பூங்காவுக்கு நடந்து சென்றது. ஜோகூர் நீரிணையின் மறுகரையில் ஜோகூர் பாருவின் விளக்குகள் தெரிந்தன. இரு கரைகளையும் இணைக்கும் கடற்பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள அந்தக் கடற்பாலத்தில் 1923-ஆம் ஆண்டில் முதல் ரயில்கள் ஓடின. 1942-ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று, ஜப்பானியப் படைகள் நெருங்கியபோது, பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் அதில் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஜப்பானியர் அதைச் சீக்கிரமே பழுதுபார்த்துவிட்டனர். இன்று அது உலகின் மிகப் பரபரப்பான எல்லைக் கடப்புகளுள் ஒன்று.

“நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடப்பிதழ் இல்லாமலேயே அக்கரைக்குப் போவோம்,” என்றார் தாத்தா. பிள்ளைகள் அவர் தவறாகச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். ஆனால் அவர் சொன்னது சரிதான். கடற்பாலத்தில் குடிநுழைவுச் சோதனை 1967-ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அன்று மாலை மறுகரையிலும் சில பிள்ளைகள் சிங்கப்பூரின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

மகள் கடைசிவரை தன் இடத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருந்தாள். பெருவிரைவு ரயிலின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. உட்லண்ட்ஸிலிருந்து மூன்றாவது நிலையத்தின் பெயர் கேன்பெர்ரா. “நான் ஆஸ்திரேலியாவின் தலைநகருக்குப் போகிறேன்,” என்று தம்பியிடம் வேடிக்கையாகச் சொன்னாள். அவன் வரைபடத்தை விரித்துத் தேடினான். செம்பவாங் பகுதியில் வெலிங்டன், மான்ட்ரியல், மால்டா, ஜிப்ரால்டர், டர்பன் ஆகிய பெயர்களிலும் சாலைகள் இருந்தன. எங்கோ இருக்கும் ஊர்களின் பெயர்கள் பக்கத்து வட்டாரத்துக்கு எப்படி வந்தன? அதற்கான விடை அவர்கள் வீட்டிலேயே இருந்தது.

செம்பவாங்கில் ஒரு காலத்தில் பிரிட்டிஷாரின் பெரிய கடற்படைத் தளம் இயங்கியது. 1938-ஆம் ஆண்டில் அதன் உலர்துறை திறக்கப்பட்டது. தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலின் அடிப்பகுதியைப் பழுதுபார்க்கும் இடமே உலர்துறை. அக்காலத்தில் அது உலகின் மிகப் பெரிய உலர்துறைகளுள் ஒன்றாக இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்கும் காமன்வெல்த்துக்கும் உட்பட்ட ஊர்களின் பெயர்களைத் தளத்தின் சாலைகளுக்குச் சூட்டினார்கள். தமிழர்களும் மலையாளிகளும் பெருமளவில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். தாத்தாவின் தந்தையும் அவர்களுள் ஒருவர். தாத்தா பிறந்ததும் வளர்ந்ததும் தளத்தின் தொழிலாளர் குடியிருப்பில்தான். பதினெட்டு வயதில் அவரும் கப்பல் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தார். 1968-ஆம் ஆண்டில் அந்தப் பட்டறை சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. தாத்தா அங்கேயே வேலை செய்து ஓய்வுபெற்றார். இவ்வளவும் பிள்ளைகளுக்கு அதுவரை தெரியாது. அவர்கள் கேட்டதும் இல்லை.

கேன்பெர்ரா நிலையத்தில் இறங்கியபோது தாத்தாவுக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் உயரமான புதிய வீடுகள். “இது எந்த ஊர்?” என்று மகனிடம் கேட்டார். மகளுக்குக் கவலையாகிவிட்டது. அவருக்காக என்று தேர்ந்தெடுத்த இடமே அவரைக் குழப்புகிறதே என்று எண்ணினாள். வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டாள். “இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். வெந்நீர் ஊற்றையும் பார்த்துவிட்டுப் போகலாம்,” என்றார் அம்மா.

செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா 2020-ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. பூமிக்கு அடியிலிருந்து ஏறக்குறைய 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தண்ணீர் வருகிறது. அது படிப்படியாக இறங்கி வரும்போது ஆறுகிறது. கீழ்ப்படிகளில் மக்கள் கால்களை நனைத்தபடி அமர்ந்திருப்பார்கள். மேலே, குழாய்களில் வரும் சூடான தண்ணீரை வாளிகளில் பிடித்து முட்டைகளை வேகவைப்பார்கள். அம்மா வீட்டிலிருந்து ஆறு முட்டைகளைக் கொண்டுவந்திருந்தார்.

தாத்தா காலணிகளைக் கழற்றிவிட்டு, இளஞ்சூடான நீரில் கால்களை வைத்தார். சிறிது நேரம் கண்களை மூடிக்கொண்டார். பிறகு, “ஆயர் பானாஸ்,” என்றார். மலாய் மொழியில் அதற்கு வெந்நீர் என்று பொருள். இந்த ஊற்றைச் சுற்றி முன்பு கம்போங் ஆயர் பானாஸ் என்ற கிராமம் இருந்தது. சிறுவயதில் பள்ளி விடுமுறையின்போது தம்பியோடு இங்கே நடந்து வந்ததை அவர் சொல்லத் தொடங்கினார். தொழிலாளர் குடியிருப்பின் நீண்ட வரிசை வீடுகள், கப்பல் பட்டறையின் சங்கு ஒலித்ததும் மிதிவண்டிகளில் வெளியே வரும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பிறகு கேன்பெர்ரா சாலையில் இருந்த மரத்தடி முருகன் கோயில், பங்குனி உத்திரத்தன்று அங்கே எடுத்த காவடி என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்தக் கோயில் இப்போது ஈசூனில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக விளங்குகிறது. தாத்தாவின் குரலில் தடுமாற்றமே இல்லை. பல மாதங்களாக அவர் தொடர்ந்து இவ்வளவு நேரம் பேசியதை வீட்டில் யாரும் கேட்டதில்லை. மகள் குறிப்பேட்டை எடுத்து வேகமாக எழுதினாள்.

மகன் கரண்டியில் ஒரு முட்டையை எடுத்து வாளிக்குள் இறக்கினான். தாத்தா அவனைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, மெதுவாக இறக்கு. உடைந்தால் அம்மா திட்டுவாள்,” என்றார். அவர் சொன்னது பேரனிடம் அன்று. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பு தம்மோடு வந்த தம்பியிடம். அந்தத் தம்பி இப்போது உயிரோடு இல்லை. மகன் ஒரு நொடி அம்மாவைப் பார்த்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. “சரி, மெதுவாக இறக்குகிறேன்,” என்று அவன் பதில் சொன்னான். தாத்தாவின் முகம் மலர்ந்தது. ஆறு முட்டைகளும் உடையாமல் வெந்தன.

வெளிநாட்டுப் பயணம் தேவையற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. புதிய நாடுகளைப் பார்ப்பது அறிவை விரிவாக்கும். பிற மக்களின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள உதவும். அந்தக் குடும்பமும் ஒரு நாள் புக்கெட்டுக்குச் செல்லும். ஆனால் சில இடங்கள் காத்திருக்கும். சில மனிதர்கள் காத்திருக்க முடியாது. எதை முதலில் செய்வது என்பதை ஒவ்வொரு குடும்பமும்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்காகப் பிள்ளைகளும் தங்கள் ஆசையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அது எளிதன்று. புக்கெட் கடற்கரைப் படங்களை மகள் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

ஜனவரியில் பள்ளி திறந்தது. விடுமுறை அனுபவத்தைப் பற்றிப் பேசும்படி தமிழாசிரியர் சொன்னபோது, தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றியும், சைபீரியாவிலிருந்து வந்த பறவைகளைப் பற்றியும், கடற்படைத் தளத்தில் வளர்ந்த ஒரு சிறுவனைப் பற்றியும் மகள் பேசினாள். வீட்டுக்கு வந்து அதைத் தாத்தாவிடம் சொன்னாள். அவர் ஆர்வத்தோடு கேட்டுவிட்டு, “வெந்நீர் ஊற்றுக்கா? நாம் எப்போது போனோம்?” என்றார்.

அவள் மனம் ஒரு கணம் கனத்தது. பின்னர் குறிப்பேட்டை எடுத்துவந்து அவர் அருகில் அமர்ந்தாள். தம்பியும் ஓடிவந்து மறுபக்கத்தில் உட்கார்ந்தான். ஆயர் பானாஸ் முதல் பங்குனி உத்திரக் காவடி வரை, அவர் சொன்ன கதைகளை எல்லாம் இருவரும் அவருக்கே திரும்பச் சொன்னார்கள். தாத்தா புதிதாகக் கேட்பவரைப்போல் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு முறை அவர்களை நிறுத்தி, “அது கேன்பெர்ரா சாலையில் இருந்த கோயில்தானே?” என்று கேட்டார். இருவரும் ஒரே குரலில் “ஆமாம், தாத்தா,” என்றார்கள்.